உலர் எடை

திங்கள், புதன், வெள்ளி.
காலை ஆறேகாலுக்குத் தராசில் ஏறுகிறேன்.
அறுபத்தொன்று புள்ளி எட்டு.
என் உலர் எடை ஐம்பத்தொன்பதரை.
நடுவில் நிற்கும் இரண்டு கிலோ முன்னூறு கிராம்
நான் இல்லை, தண்ணீர்.

என்ன சாப்பிட்டேன் என்று தாதி மாரிசெல் கேட்பதில்லை.
கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுக்கிறாள்.
குழி விழுகிறது, நிரம்ப நேரமாகிறது.
தெரிந்துவிட்டது அவளுக்கு:
ஞாயிறு மதியம், எலுமிச்சை ஊறுகாய்,
அதுவும் இரண்டாம் முறை.
உப்பு ஓரிடத்தில் தனியாக இருக்காது.
போன வீட்டுக்குத் தண்ணீரையும் வரவழைத்துக்கொள்ளும்.

வலப்பக்கம் ஒளி ஊடுருவும் ஓர் உருளை,
மடக்குக் குடையின் நீளம்.
அதற்குள் பத்தாயிரம் மயிரிழைக் குழாய்கள்.
இழைகளுக்குள் என் ரத்தம் கீழ்நோக்கி,
இழைகளுக்கு வெளியே கரைசல் மேல்நோக்கி.
இடையில் ஒரு சவ்வு, கண்ணுக்குத் தெரியாத துளைகள்.
யூரியா நுழைகிறது. பொட்டாசியம் நுழைகிறது.
சிவப்பணு நுழையாது, அல்புமின் நுழையாது.
பருத்திருப்பதால் தப்பித்தவர்களை
முதன்முறை இங்கேதான் பார்த்தேன்.

யீஷூனில் பதினெட்டு ஆண்டுகள் பேருந்து ஓட்டினேன்.
முன்கதவில் நெரிசல், பின்னால் காலி.
"உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று
மூன்று மொழியில் கத்தியிருக்கிறேன்.
ஒருவர் நகர்ந்ததில்லை.
யூரியாவுக்கு யாரும் கத்த வேண்டாம்.
நெரிசலிலிருந்து காலியிடத்துக்கு அதுவாகவே போகிறது.
இப்படிப் பயணிகள் கிடைத்திருந்தால்
எனக்கு ரத்தக்கொதிப்பே வந்திருக்காது.

நான்கு மணி நேரம்.
அடுத்த நாற்காலியில் சுலைமான்
சத்தமில்லாத தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்க்கிறார்.
உறைந்த திராட்சை ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கி,
விழுங்காமல், கடிக்காமல்,
முதல் பாதி முழுக்கச் சமாளிக்கிறார்.
வெளியே மழை பிடித்துக்கொண்டது.
பார்க்கக் கூடாத எதையோ பார்ப்பதுபோல்
இருவரும் ஒரு நொடி சன்னலைப் பார்த்தோம்.

வீட்டில் அகரன் சமையல் மேடையைப் பிடித்துவைத்திருக்கிறான்.
உயர்நிலை மூன்று, உயிரியல்.
மூன்று பிளாஸ்டிக் கோப்பைகள்,
ஐந்து சென்டிமீட்டரில் வெட்டிய உருளைக்கிழங்குக் கீற்றுகள்.
ஒன்றில் வெறும் நீர், ஒன்றில் கொஞ்சம் உப்பு,
ஒன்றில் நான் கண்ணால் பார்க்கவும் கூடாத அளவு உப்பு.
வெறும் நீரில் கிடந்தது ஐந்து புள்ளி மூன்று ஆகியிருக்கிறது.
வளைத்தால் படக்கென்று ஒடிகிறது.
உப்பில் கிடந்தது
அவன் விரலைச் சுற்றி மோதிரமாகப் படுத்துவிட்டது.

பக்கத்தில் என் பாத்திரம்.
அதிலும் உருளைக்கிழங்கு, அதிலும் நீர்.
பொட்டாசியம் இறங்க, நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து,
இரண்டு முறை வேகவைத்துக் கொட்டவேண்டும்.
"இது என்ன பரிசோதனைம்மா?"
"இது கறிடா."

மேசையில் அவன் அறிக்கை திறந்து கிடக்கிறது.
'உப்பு அதிகமுள்ள பக்கம் போக நீர் விரும்புகிறது'
என்று எழுதி, அடித்திருக்கிறான்.
விரும்புகிறது என்றால் மதிப்பெண் போய்விடுமாம்.
நீருக்கு விருப்பமே கிடையாதாம்.
மோதிக்கொண்டே இருக்கும் துகள்கள்,
அந்தப் பக்கம் போனவை அதிகம், திரும்பியவை குறைவு,
அவ்வளவுதான், என்கிறான்.

சரி.
ஆனால் அடுத்த பக்கத்தில் அவனே எழுதியிருக்கிறான்:
ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் ஒரு பம்பு.
மூன்று சோடியத்தை வெளியே தள்ளும்,
இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும்,
சரிவுக்கு எதிராக,
ஒவ்வொரு தடவையும் காசு கட்டி.
நின்றால் செல் வீங்கும், வெடிக்கும்.
தூங்கும்போதும் தள்ளுகிறதாம்.
இயந்திரத்தில் நான் சாய்ந்திருந்த நான்கு மணி நேரமும்
தள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
இதற்கு என்ன சொல் போடுவது என்று கேட்டேன்.
"செயல்மிகு கடத்தல்" என்றான், தலை நிமிராமல்.

இரவு எட்டரை.
எழுநூறு மில்லியில் மிச்சம் நூற்றிருபது.
வெறும் நீர் என்று அவன் ஒட்டிய கோப்பையைக் கழுவி
அதிலேயே அளந்து ஊற்றிக்கொள்கிறேன்.
முதல் வாய் நாக்கில் நிற்கிறது.
நீருக்கு விருப்பமில்லை, ஒப்புக்கொள்கிறேன்.
இந்தப் பக்கம் இருப்பவளைப் பற்றி
பாடத்தில் ஒன்றும் இல்லை.