சாமணம்

மல்லாவியில் நாலரைக்கு முதல் பஸ்.
வவுனியாவில் கண் டொக்டர்
கண்ணாடிக் குச்சியால் இமையைப் பிரித்துப் பார்த்தார்.
கீழிமை கண்ணோட ஒட்டுது அம்மா,
வாயில வந்த கொப்புளமும் இதுவும் ஒரே வருத்தம்தான்,
உங்கட உடம்பே உங்கட தோலை
ஆரெண்டு தெரியாமல் அடிக்குது.
நான் சிரிக்கவில்லை. அவரும்.

மயிர்கள் உள்நோக்கி வளர்கின்றன,
விழியை உரசிக்கொண்டு.
ஞாயிறுகளில் தவசீலன்
சாமணத்தைச் சுடுதண்ணியில் போட்டெடுத்து
டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி பிடுங்குவான்.
ட்ரக்டர் பூட்டிக் கழற்றுகிற விரல்,
டீசல் மணம்.
மூச்சை அடக்குவான்.
இவ்வளவு கிட்டத்தில் அவன் முகத்தை
கலியாணம் முடித்த புதிதில்தான் கண்டது.

கண்ணீர் சுரப்பதில்லை இப்போது.
மாமியின் செத்தவீட்டில்
பெண்டுகள் என்னையே பார்த்தார்கள்.
கல்லுமாதிரி நிக்கிறாள் என்றது
எனக்குக் கேட்கத்தான்.
பையைத் திறந்தேன்.
எழுநூற்றைம்பது ரூபாய்ப் போத்தல்,
திறந்து ஒரு மாதத்தில் எறியவேண்டும்.
வலதுக்கு இரண்டு. இடதுக்கு இரண்டு.
வழிந்தது.

உடனே ஒருத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டு
கன்னத்தோடு கன்னம் வைத்துக் குழறினாள்.
போத்தலில் இருந்து வந்தது குளிர்.
அவளுடையது சூடு.