திருப்பித் தந்த சுளகு

மூணு வருசமாகக் கேட்டும் வராத சுளகை
அன்றைக்கு அவளே கொண்டுவந்து
இஸ்தோப்பில் வைத்தாள்.
கழுவி, வெயில் காட்டி,
ஓரத்துப் பிரம்பு அறுந்த இடத்தில்
புதுக்கம்பி கட்டி.
"கணக்குத் தீத்துட்டேன்" என்றாள் கமலவேணி.
சிரித்த மாதிரிதான் இருந்தது.

எங்கள் லயத்துச் சுவர்
கூரை வரைக்கும் போவதில்லை.
அந்தக் காம்பராவில் இருமினால்
இங்கே நான் புரண்டு படுப்பேன்.
கடன்குழுக்காரன் கத்திவிட்டுப் போன நாளில்கூட
அவள் வீட்டில் சட்டி உருளும்.
அன்று ராத்திரி
ஒன்றுமே உருளவில்லை.

எழுந்து போனேன்.
மழை. ஒற்றைச் செருப்புத்தான் கிடைத்தது.

சாப்பிட்டியா என்று கேட்கலாம்.
கொழும்பிலிருந்து மகன் பேசினானா என்று கேட்கலாம்.
"செத்துப்போகணும்னு நெனைக்கிறியா, வேணி?"

கேட்டதாலேயே நடந்துவிடுமோ என்று
தொண்டை அடைத்தது எனக்கு.
நடக்கவில்லை.
தகரத்தில் மழை பெய்துகொண்டே இருந்தது.
"ஆமா" என்றாள்,
பெரட்டில் பேர் கூப்பிட்டால் சொல்வாளே, அப்படி.

நல்ல வார்த்தை ஒன்றும் எனக்குத் தெரியாது.
பிள்ளைகளை நினைச்சுப் பாரு என்று
வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
அதைத்தானே ராப்பகலாக
நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அடுப்பு மூட்டினேன். ஈர விறகு.
தேத்தண்ணி கொதிக்க நேரமானது,
அதற்குள் பேச ஆரம்பித்தாள்.
நான் "ம்" மட்டும் கொட்டினேன்.
நடுச்சாமத்தில்,
"ஒளிச்சு வச்சிருக்கிறதக் குடு" என்றேன்.
ரொம்ப நேரம் கழித்துக் கொடுத்தாள்.
இப்போது அது இந்த லயத்திலேயே இல்லை.

விடிந்து, இரண்டு பேரும் பேர் போடவில்லை.
என்ன வருத்தம் என்றார் கங்காணி.
வருத்தம்தான் என்றேன்.
மஸ்கெலியா பஸ்ஸில் ஏறியதிலிருந்து
நோர்வூட் தாண்டும்வரை
என் சேலைத் தலைப்பை
விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
டாக்டர் கேட்டதும் அதே கேள்விதான்,
உடைந்த தமிழில்.
அவள் என்னைப் பார்த்துவிட்டு
அவருக்குச் சொன்னாள்.

சுகமாகிவிட்டாள் என்று எழுத ஆசை.
மாத்திரை இருக்கிறது, கடன் இருக்கிறது,
வியாழக்கிழமை கிளினிக் இருக்கிறது.
படுக்கும்போது சுவரில் இரண்டு தட்டு தட்டுவேன்.
சில நாள் உடனே பதில் வரும்.
சில நாள்
நான் எழுந்து உட்காரும்வரை வராது.

சுளகை அவள் வீட்டு ஆணியிலேயே
மாட்டிவிட்டு வந்தேன்.
எனக்கு வேணும்தான் அது.
அவசரமில்லை,
கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.