விருப்ப வரிசை

படிவம் கேட்கிறது: உங்கள் விருப்ப வரிசை.
யஸ்னா பேருந்துக் கட்டண வரிசையில் நிரப்புகிறாள்.

முதலாவது, காஸ்ட்ரோ. ஆரம்பப் பள்ளி ஆசிரியர் படிப்பு.
விடிகாலை வண்டியில் போனால் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.
இரண்டாவது, புவெர்தோ மொன்ட். கணக்கியல்.
படகில் கால்வாயைத் தாண்ட வேண்டும்.
சித்தி வீட்டில் ஒரு சோபா இருக்கிறது,
சித்தப்பாவும் இருக்கிறார்.
மூன்றாவது, கொன்செப்சியோன். புவி இயற்பியல்.
இரவு முழுக்கப் பயணம். அங்கே தெரிந்த முகம் ஒன்றுமில்லை.

மதிப்பெண் முதலில் எங்கே எட்டுகிறதோ
அங்கே உட்கார்த்திவிடுவார்கள்.
அதற்குக் கீழே இருப்பதை ஒருவரும் வாசிப்பதில்லை.
மூன்றாவதாக எழுதுவது புதைப்பதுதான்,
பெயர் பொறித்துப் புதைப்பது.
அவளுக்கும் தெரியும்.

விளக்கு ஆடிய ஓர் இரவில்
நாங்களெல்லாம் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓட,
பத்து வயது யஸ்னா நிலைப்படியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.
அன்றிலிருந்து ஒரு நோட்டு:
தேதி, நேரம், எத்தனை விநாடி, எந்தப் பக்கம்,
அடுத்த வீட்டு நாய் முன்னால் குரைத்ததா பின்னாலா.

பணமில்லை, படிக்காதே என்று
இந்த வீட்டில் யாரும் அவளிடம் சொல்லவில்லை.
சொல்லத் தேவையும் இல்லை.
எங்களைப் போன்றவர்களுக்கு அரசாங்கமே கட்டுகிறது.
கட்டணம் இலவசம்.
கட்டில் இலவசமில்லை.
கட்டிலுக்கு மேலே கூரை, கூரைக்குக் கீழே ரொட்டி,
ஜூலை மழைக்கு ஒரு ஜோடி பூட்ஸ்,
அப்புறம் அவள் அனுப்பாமல் போகும் சம்பளம்.
அதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

நான் மூன்று பருவம் படித்தவன்.
தனியார் கல்லூரி, வங்கிக் கடன்.
படிப்பை விட்டு ஆறு வருடம் ஆகிறது,
கடன் இன்னும் என்னை விடவில்லை.
எங்கள் மொழியில் கடமைக்கும் கடன்படுவதற்கும் ஒரே சொல்;
வங்கியிலிருந்து பேசும் பெண்
அதை மிக இனிமையாக உச்சரிக்கிறாள்.
சால்மன் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
இடுக்கியால் முள் எடுப்பது என் வேலை,
ஒரு மீனுக்கு முப்பது முள்.
முள் கிடைத்த மீனுக்கு மறுபடி பெயர் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

அடுப்புக்கு விறகெடுக்க வெளியே போனாள்.
மேசையில் அவள் போன், அணையாத திரை.
மூன்று வரிகள்.
மூன்றாவதைத் தொட்டு மேலே இழுத்தால் போதும்.
ஒரு விரல். ஒரு நொடி.
அப்புறம் மாதாமாதம் யார்?
அம்மாவின் முழங்காலா? என் இரண்டாவது ஷிஃப்டா?
கண்ணை மூடிக்கொண்டு முள்ளைத் தேடியெடுக்கும் விரல்
கண்ணாடி மேல் நின்றது,
நின்றுகொண்டே இருந்தது.

கதவு திறந்தது. ஈர விறகின் வாசனை.
"என்ன பார்க்கிறாய்?"
"மணி."
போனை வாங்கி அனுப்பிவிட்டாள்.
வாழ்த்துகள் என்றது திரை.

இரவு மூன்று மணிக்குக் கட்டில் லேசாக நகர்ந்தது.
கோப்பைகள் ஒன்றோடொன்று ஏதோ பேசின.
பெரிதாக ஒன்றுமில்லை, யாரும் எழுந்திருக்கவில்லை.
பலகைச் சுவருக்கு அப்பால்
அவள் குரல், தணிவாக:
ஒன்பது, பத்து, பதினொன்று.

நின்றது.
பிறகு பென்சில் தேடும் சத்தம்.