நாலாவது கியரில், நாற்பத்தைந்தில்

திருவலம் இரும்புப் பாலத்துக்கு முந்தைய நேர்ரோட்டில்
முதல் தடவை நின்றது.
இருமவில்லை, உதறவில்லை.
பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில்
எழுந்து போன மாதிரி.
பக்கத்து சீட்டில், ராணிப்பேட்டை டாக்டருக்கான டப்பாவில்
இருபத்தொரு பேரின் பற்கள்.
ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினேன்.
உடனே பிடித்துக்கொண்டது,
நானா, எப்போ? என்பதுபோல.

வெயில் என்றார்கள்.
இந்த ஊரில் எது நடந்தாலும்
முதலில் வெயிலைத்தான் பிடித்து உள்ளே போடுவார்கள்.
பெட்ரோலில் தண்ணீர் என்றார் பங்க்காரர், இன்னொரு பங்க்கைப் பற்றி.
தேவசித்தம் காயிலை மாற்றினான், தொள்ளாயிரம்.
பிறகு பம்ப். பிறகு பில்டர். பிறகு,
"எண்பத்தொம்போது மாடல் மேடம், வித்துடுங்க."

மேல்விஷாரத்தில் கலீமுல்லாவின் ஷெட்டில்
பெண்பார்க்க வந்தவர்கள் முன் உட்கார்ந்ததுபோல்
அடக்கமாக ஒரு மணி நேரம் உறுமிக்கொண்டிருந்தது.
"நல்லாத்தானே கீது?"
"என்கிட்ட மட்டும்தான் நிக்குது."
சொல்லும்போது எனக்கே பொய்யாகக் கேட்டது.

அதனால் எழுதி வைத்தேன்,
டெலிவரி நோட்டின் பின்பக்கத்திலிருந்து:

மார்கழி, காலை ஆறரை, பனி, சேவூர் தாண்டி. நின்றது.
(வெயிலை விடுதலை செய்தேன்.)
வாலாஜா டோல் கடந்து, காலையில் போட்ட புது பெட்ரோல். நின்றது.
காட்பாடி மேம்பால ஏற்றம், முன்னால் கரும்பு லாரி. நிற்கவில்லை.
கிரீன் சர்க்கிள், நாற்பது நிமிட நெரிசல். நிற்கவில்லை.
சேண்பாக்கம், மழை, சக்கரம் முழுகும் தண்ணீர்,
பின்னால் பஸ் ஹாரன், நான் அழுகிற நிலையில். நிற்கவில்லை.

பதினேழாவது வரியில்தான் கண்ணில் பட்டது.
நெருக்கடியில் ஒருநாளும் அது என்னைக் கைவிட்டதில்லை.
ரோடு காலியாகி, நாலாவது கியர் விழுந்து,
ஆக்ஸிலரேட்டரில் கால் சும்மா சாய்ந்திருக்க
நாற்பத்தைந்தில்,
நான் தோளைத் தளர்த்துகிற இடம் பார்த்து நிற்கிறது.

கலீமுல்லா நோட்டை இரண்டு முறை படித்தான்.
டீ ஆறி ஏடு கட்டியது.
டிஸ்ட்ரிபியூட்டரின் இடுப்பில் ஒரு வட்டத் தகர டப்பி,
அதிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு ரப்பர் ட்யூப்.
என்ஜின் ஓட ஓட அதன் ஒரு முனையைப் பிடுங்கி
லுங்கியில் துடைத்து, வாயில் வைத்து
இளநீர் குடிப்பவனைப் போல உறிஞ்சினான்.

என்ஜின் செத்தது.

விட்டான். ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். ஓடியது.
உறிஞ்சினான். செத்தது.
மூன்றாம் தடவை சிரிப்பு வந்துவிட்டதால்
அவனால் உறிஞ்ச முடியவில்லை, நான் வாங்கி உறிஞ்சினேன்.
பழைய ரப்பரின் கசப்பு. கொஞ்சம் பெட்ரோல்.
என் வாயால் என் காரை ஒருமுறை நிறுத்தினேன்.

மூடியைத் திறந்தால்
சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு வயர்.
வண்டி சுகமாக ஓடும்போதுதான் என்ஜின் அந்த ட்யூபை இழுக்குமாம்.
இழுத்தால் உள்ளே தட்டு ஒரு நூல் நகரும்,
நகர்ந்தால் வயர் நீளும்.
மேலுறையில் கீறல் இல்லை. உள்ளே செம்பிழைகள் அறுந்து
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் கிடந்தன.
நின்றதும் இழுப்பு விடும், தட்டு திரும்பும்,
இழைகள் மறுபடி தொட்டுக்கொள்ளும்.
யார் போய்ப் பார்த்தாலும் எல்லாம் இருந்த இடத்தில்.

பதினைந்து ரூபாய் வயர், ஒரு சொட்டு ஈயம்.
கூலி வேண்டாம் என்றான்.
அவன் மாமியாரின் பல்செட் பேசும்போது கழல்கிறதாம்,
சாப்பிடும்போது கழல்வதில்லையாம்.
எந்தெந்தப் பேச்சுக்கு என்று
எழுதிவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஐந்து மாதம் ஆகிறது.
சரியாகிவிட்டது என்று எழுத இன்னும் கை வரவில்லை.
நேற்று நிற்கவில்லை, இன்று நிற்கவில்லை,
அவ்வளவுதான் எழுத முடிகிறது.
திருவலம் நேர்ரோட்டில், நாற்பத்தைந்தில்,
இடது ஓரமாகவே போகிறேன்,
ரேடியோவை அணைத்துவிட்டு.
டப்பாவில் பற்கள் கடகடக்கின்றன.