வெடிக்காத சுற்று

சில்லு இரண்டும் கட்டுகஸ்தோட்டை அன்வர்தீன் வார்த்தது.
ஒன்றில் ஒரு குழி. அவர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை,
நான் ஈயம் ஊற்றி அடைத்தேன்.
சிலிண்டர், பேக்டரி ரோலரில் கழற்றி எறிந்த புஷ்.
பிளக், புல்வெட்டும் மெஷினுடையது.
கொயில், என் த்ரீவீலின் பழையது.
யாரிடமும் வாங்காதது ஒன்றே ஒன்று,
கால் மில்லிமீற்றர் பிழை.
அது என் சொந்தச் சரக்கு.

முதல் மாதம் ஓர் இருமல்கூட இல்லை.
மஸ்கெலியா மழையில்
இஸ்தோப்பில் குந்திக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி
உள்ளங்கை கொப்பளித்தது.
வால்வுக்குப் பேனா ஸ்பிரிங் போட்டிருந்தேன், விறைப்பு.
பிஸ்டன் பின்வாங்கும்போது
இழுக்கும் மூச்சுதான் அந்தக் கதவைத் திறக்க வேண்டும்,
தள்ள வேறு ஆள் கிடையாது.
லைட்டர் ஒன்றைப் பிரித்து
மயிர் போன்ற ஸ்பிரிங்கை எடுத்து மாட்டினேன்.
ஒரு தும்மல்.
அப்புறம் மறுபடி மழை மட்டும்.

இரண்டாம் மாதம் பிளக்கின் மூக்கு
கஞ்சிச்சட்டி அடி மாதிரி கறுத்தது.
வரைபடம் சொல்கிறது: ஊசியை ஒன்றரைச் சுற்றுத் திற.
வரைந்தவன் கடல் மட்டத்துக்காரன்.
இங்கே நாலாயிரம் அடி,
காற்று, தண்ணி கலந்த பால்.
முக்கால் சுற்றுக்கு இறக்கினேன்.

பெற்றோலுக்கு கியூஆர் காட்டிய வருஷம் அது.
வாரத்துக்கு அஞ்சு லீட்டர்.
நோர்வூட் செட் வரிசையில் இரண்டு இரவு
த்ரீவீலுக்குள் சுருண்டு கிடந்து வாங்கியதில்
ஒரு சிரிஞ்ச் அளவு நான் உறிஞ்சுவதை
லோகேஸ்வரி பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் சிரிஞ்சைக் காணோம்.
மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால் அதைக் கண்டெடுக்க
எனக்கு நாலு நாள் ஆனது.

ஒரு ஞாயிறு, பிடித்துக்கொண்டது.
டப் டப் டப் டப் டப்
மேசையே நடுங்கி,
எஞ்சின் பலகையோடு விளிம்புவரை நடந்து போனது.
பக்கத்துக் காம்பரா செல்லமுத்து ஓடிவந்து கை தட்டினான்.
நான் நிறுத்திவிட்டேன்.

"ஏன்? நல்லாத்தானே வெடிக்குது?"
"அதான் கோளாறு."
"வெடிக்கலைன்னு மூணு மாசமா எங்க உயிர வாங்குனியே."
"வெடிக்காம ஓடணும்."
செல்லமுத்து லோகேஸ்வரியைப் பார்த்தான்.
அவள் கூரைத் தகரத்தைப் பார்த்தாள்.

எப்படிச் சொல்வது.
வேகம் கூடினால் குண்டுகள் இரண்டும் விரியும்.
கொக்கி விழுந்து
புகை போகும் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும்.
உறிஞ்சாது, எரிக்காது,
சில்லின் பாரமே சில்லைச் சுற்றும்.
களைத்தால் மட்டும் கொக்கி விடும்,
ஒரு வாய் பெற்றோல், ஒரு வெடி, மறுபடி சும்மா.
என் கொக்கி பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.
ஆணி இரும்பில் ராவியது,
விளிம்பு தேய்ந்து
சவர்க்காரத் துண்டு போல உருண்டிருந்தது.

உடைந்த ஹெக்சோ பிளேட்டில் புதிதாக ஒன்று.
உரைகல்லில் இரண்டு மணி நேரம், பெருவிரல் தோலும் சேர்ந்து.
இரவு ஏழு மணி, கரண்ட் இல்லை.
சுற்றினேன்.

டப்.

ஹ்ஸ் ஹ்ஸ் ஹ்ஸ் ஹ்ஸ் ஹ்ஸ்

டப்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்லமுத்து:
"நின்னிருச்சா?"
டப்.
"இல்லையா?"
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி,
"இப்ப நின்னிருச்சா?"

நான் எண்ணினேன்: ஏழு, ஒன்பது, ஒருதரம் பதினொன்று.
குப்பி விளக்கில் லோகேஸ்வரி கருவாடு வெட்டிக்கொண்டிருந்தாள்.
கத்தி பாதி வழியில் நின்றது.
எட்டு. ஒன்பது.
டப்.
வெட்டினாள்.

சிரிஞ்சில் இன்னும் பாதி மிச்சம்.
கை கழுவி வந்து அவளே எடுத்து
மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்,
இந்த முறை
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.