நவம்பர் வரிசை

பரதராமியில் என் கடை இருப்பது
தமிழ்நாட்டில்தான்.
டவர் மட்டும் அந்தப் பக்கம்.
மதியத்துக்கு மேல் என் போன்
ஆந்திராவுக்கு நல்வரவு என்று நாலு முறை சொல்லும்.
ஓ.டி.பி. வராது.

நவம்பர் வந்தால் வரிசை.
ஜெராக்ஸ் இரண்டு ரூபாய், வாழ்நாள் சான்று எழுபது.
மிலிட்டரி பென்ஷன்காரர்கள்
செக்போஸ்ட்டைத் தாண்டியும் வருவார்கள்,
தெலுங்கில் திட்டி
தமிழில் பேரம் பேசுவார்கள்.

கிஷ்டம்மாவின் கட்டைவிரலை
மெஷின் ஏற்கவில்லை.
மாங்கூழ் ஃபாக்டரியில் முப்பது சீசன்
தோல் சீவிய விரல்.
துடைத்தேன், தேங்காயெண்ணெய் தேய்த்தேன்.
மீண்டும் முயலவும் என்றது.
அடுத்த விரல். அதற்கும் அடுத்தது.
பத்தும் முடிந்ததும் சிரித்தாள்:
"செத்துட்டேன்னு சொல்லுதா?"

அவளுக்குப் பின்னால் தேஜேஷ்.
விடியற்காலை நாலு மணிக்கு
சித்தூர் ரோட்டில் ஓடுகிற கூட்டத்தில் ஒருவன்.
ஆயிரத்து அறுநூறு மீட்டர்,
ஐந்து நிமிடம் இருபத்தொன்பது நொடி.
அவர்கள் சட்டையைக் கழற்றிப் போடுவது
பள்ளிச் சுவரோரக் கல்லின்மேல்.
ஏதோ ஒரு பழைய யுத்தத்துக்கு
இந்தக் கிராமத்திலிருந்து நாற்பத்தொரு பேர் போனதாகவும்
ஆறு பேர் உயிர் விட்டதாகவும்
அதில் செதுக்கியிருக்கும்.
பெயர் கிடையாது, எண்ணிக்கைதான்.
போன பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தவன்
அந்த ஆறையும் சேர்த்துப் பூசிவிட்டான்.

தேஜேஷின் அம்மா
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறாள்.
"நாலே வருஷம்.
அப்புறம் ஏ.டி.எம். வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காரணும்.
எங்க அத்தை காலத்துல மிலிட்டரின்னா
ஜாதகம் பாக்காம பொண்ணு குடுத்தாங்க.
இப்ப தரகர் கேக்கறாரு, பெர்மனென்டான்னு."

பையன் வாய் திறக்கவில்லை.
போன வருடம் அவனோடு ஓடியவர்கள்
பெங்களூரில் பிரியாணி கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.
இவன் இன்னும் ஓடுகிறான்.
ஏன்டா என்றால்
"சும்மாக்கா" என்பான்.

கருவிழி பார்க்கிற கருவி
பீரோவில் இருந்தது, எடுத்து வந்தேன்.
"இமைக்காதீங்க."
புரை எடுத்த கண் ஒன்று, எடுக்காத கண் ஒன்று.
எடுத்த கண்ணை அகலத் திறந்தபடி
அந்தக் கருவியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:
"நாலு வருஷமா?
எனுக்குக் கண்ணாலம் ஆயி பதினேழு மாசம்.
அதுல சஞ்சீவி ஊட்ல இருந்தது இருபத்திரண்டு நாள்.
அதுலயும் மூணு நாள் காய்ச்சல்."

கடையே மௌனமானது என்று எழுதினால் பொய்.
"சீக்கிரம்மா, பஸ்ஸு" என்றார் பின்னால் ஒருவர்.
தேஜேஷின் அம்மா மட்டும்
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது திரையில்.
கிஷ்டம்மா நிறுத்தவில்லை.
"எழுபத்தொண்ணு, டிசம்பர். தந்தி இங்கிலீஷ்ல இருந்தது.
படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு செக்போஸ்ட் குமாஸ்தா.
படிச்சிட்டு, லாரிக்கு ரசீது போடப் போயிட்டாரு.
நான் கேட்டைப் புடிச்சிக்கினு நின்னேன்.
வண்டி போவணும், நவுரும்மான்னாங்க."

இப்போதெல்லாம் அப்படி இல்லை.
இரண்டு வருடம் முன்பு
பக்கத்து ஊருக்குப் பெட்டியில் வந்தவனுக்கு
பஸ் ஸ்டாண்டு முழுக்க ஃப்ளெக்ஸ்.
அடித்துக் கொடுத்தது நான்தான்.
பெயரில் ஓர் எழுத்துப் பிழை,
யாரும் கவனிக்கவில்லை,
அவன் தங்கையைத் தவிர.

பச்சை டிக் விழுந்தது.
உயிரோடு இருக்கிறாள்.
அடுத்த கட்டம்: மறுமணம் செய்துகொண்டீர்களா?
ஆறு வருடமாக நானே இல்லை என்று அழுத்திவிடுவேன்.
இன்று ஏனோ கேட்டேன்.
"பலமநேர்க்காரன் ஒருத்தன் கேட்டான்.
ஃபாக்டரிக்கு மாங்கா லோடு எடுத்தாறவன்.
நல்லவன்தான்" என்றாள்.
அப்புறம், "இல்லைன்னே போடு."

பிளாஸ்டிக் பையிலிருந்து
எழுபது ரூபாயை இரண்டு தடவை எண்ணி வைத்தாள்.
பேப்பரை மடிக்காமல்
இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

அடுத்து தேஜேஷ்.
பெயர், பிறந்த தேதி, உயரம், மார்பளவு,
வாரிசுதாரர்.
"என் பேரா போடறே?" என்றாள் அம்மா.
அவன் தலையை மட்டும் ஆட்டினான்.
சமர்ப்பி என்பதை அழுத்தினேன்.
மூன்று பேரும் ஓ.டி.பி.க்குக் காத்திருக்கிறோம்.
என் போன்
ஆந்திராவுக்கு நல்வரவு என்கிறது.