கால்

சேன்-தெனி ஆவணக் காப்பகத்தில் பேனா கூடாது,
பென்சில்தான். பையைப் பூட்டிவிட்டு வரவேண்டும்.
ழிஸ்லேன் தன் மஞ்சள் பஸ்ஸின் சாவியைக்கூட
ஒப்படைத்துவிட்டு வந்தாள்.
"எங்கள் வம்சம் ஒரே பக்கத்தில் நின்றுபோகிறது.
அதற்குக் கீழே உங்கள் எழுத்து இருக்கிறது.
வாசித்துச் சொல், போதும்" என்றாள்.
உங்கள் எழுத்து என்றாள்.

சர்க்கரைக் கிடங்கில் கணக்கெழுதுகிறவன் நான்.
பிரெஞ்சில் எண்கள் தெரியும், வசவுகள் தெரியும்.
மிச்சத்தை அவள் விரல் வைத்துச் சொன்னாள்.

ஃபே என்றால் நெருப்பு என்றுதான் படித்திருந்தேன்.
பெயருக்கு முன்னால் வந்தால் காலமானவராம்.
நெருப்பு வீராசாமி, நெருப்பு வீராசாமி என்று
பட்டப்பெயராக்கும் என நினைத்து
மூன்று வரி தாண்டிப் போயிருந்தேன்.
(எரித்திருக்க மாட்டார்கள்.
இங்கே புதைப்பதுதான்.)

நெயான்: ஒன்றுமில்லை.
தகப்பன் என்ற கட்டத்தில்
மை மிச்சம் பிடிக்காமல்
வளைத்து வளைத்து எழுதியிருந்தான் குமாஸ்தா.

நத்யுரேல்: இயற்கையான.
இயற்கையான குழந்தை. நல்ல சொல்லாயிருக்கிறதே என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
கல்யாணம் இல்லாமல் பிறந்ததற்கு அப்படிப் பெயர்.
அப்படியானால் மற்றதெல்லாம் செயற்கையா?
சிரித்துவிட்டாள். காப்பகத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

கடைசி வரி:
அறிவிக்க வந்தவள் கையெழுத்திட அறியாள்.
அதற்கு நேர் கீழே
அவள் கையெழுத்து.

இரண்டே சொல். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.
இத்தனை நேரம் அவள் வாத்தியார்,
இனி என் முறை.

கரரைககரல.

கர. ரை. கக. ரல.
வாய் கொப்பளிப்பதுபோல் இருந்தது.
புள்ளி கிடையாது எங்கேயும்.
பள்ளிப் பிள்ளைகள் ஏறி முடியும்வரை
பிரேக்கில் கால் வைத்துக் காத்திருப்பாளே,
அப்படிக் காத்திருந்தாள்.

இரண்டாவது சுலபம். தரயி.
"அது எங்கள் குடும்பப் பெயர். என்ன அர்த்தம்?"
தரையா, தாரையா, தெரியவில்லை என்றேன்.
ஐந்து தலைமுறையாக யாருக்கும் தெரியாது, விடு என்றாள்.

வெளியே போய்ப் பொன்போன் பிமான் தின்றோம்.
மிளகாய் மிட்டாய் என்று இங்கே பெயர்,
கடித்தால் மசால்வடை.
கடித்துக்கொண்டிருந்தபோதுதான்
எங்கள் வீட்டுப் பழைய கிரயப் பத்திரம் ஞாபகம் வந்தது.
அப்பா அதை வாசிக்கமுடியாமல்
வக்கீலிடம் காசு கொடுத்து வாசித்தார்.
அந்தக் காலத்துக் கையெழுத்தில்
காலும் ரகரமும் ஒரே கோடு.
புள்ளி வைக்கிற வழக்கமில்லை.

வடை காகிதத்தோடு ஓடினேன்.
வாசலில் பிடுங்கிக்கொண்டார்கள்.

ரகரம் ஒவ்வொன்றாகக் காலாக்கிப் பார்த்தேன்.
கா. ரை. க். கா. ல்.

நான் பிறந்த ஊரை
வாய் கொப்பளித்துத் துப்பியிருக்கிறேன்.

அடுத்த சொல்லுக்குப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.
தா. யி.

எவனோ ஒரு துபாஷி
கப்பல் சீட்டைப் பார்த்திருக்கிறான்,
சீட்டுக்குரியவளைப் பார்க்கவில்லை.
வாசித்தான், இவன் எழுதினான்.
அப்புறம் அவள் பெற்றது தரயி,
அது பெற்றது தரயி, கல்லறைக் கல்லில் தரயி,
மஞ்சள் பஸ் ஓட்டுகிற உரிமத்தில் தரயி.

இருக்கலாம். இல்லாமலும் போகலாம்,
ரகரம் ரகரமாகவே இருந்திருந்தால்.
அதையும் சொல்லிவிட்டேன்.

"தாயி என்றால்?"
பெண்ணுக்கு வைக்கிற பேர் என்றேன்.
பிறகு, அம்மா என்றும்.

ஒன்றும் பேசவில்லை.
நெயான் எழுதிய கட்டத்தை
இன்னொரு தடவை பார்த்தாள்.
"எது அந்தக் கால்? காட்டு."
காட்டினேன்.
துண்டுச் சீட்டில் பென்சிலால் இழுத்துப் பார்த்தாள்.
கோணிக்கொண்டு போயிற்று.
அழித்தாள். மறுபடி.

பன்னிரண்டரைக்கு அவளுக்கு வண்டி எடுக்க வேண்டும்.
சாவியை வாங்கிக்கொண்டவள்
சீட்டை மறந்து
மேசையிலேயே விட்டுவிட்டாள்.
நான்தான் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தேன்.